சீனப் புத்தாண்டும் நாள் எண்ணும் மரபும்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு ஆண்டுப் பிறப்பு என்பது ஒரே நாளில் வந்துபோவதன்று. ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருப்போர் பங்குனி மாதத்திலேயே அண்டை வீட்டாரின் யுகாதிப் பச்சடியைச் சுவைத்துவிடுகிறோம். மும்பையில் குடீ பாட்வா அன்று வாசல்தோறும் பட்டுத்துணி கட்டிய கம்பு உயர்கிறது. கொல்கத்தாவில் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வங்காளியரின் பைசாகப் புத்தாண்டும் வருகிறது. அதே கொல்கத்தாவில் டிரெட்டா பஜார்ப் பக்கமோ டாங்ராப் பக்கமோ ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ சென்றவர்கள், சிவப்புக் காகித விளக்குகள் தொங்குவதையும் சிங்க ஆட்டம் தெருவில் வருவதையும் கண்டிருப்பார்கள். அது சீனர்களின் புத்தாண்டு. அந்நாள் ஆண்டுக்கு ஆண்டு ஏன் இடம் மாறுகிறது, அதனை எதிர்நோக்கிச் சீனக் குடும்பங்கள் எவ்வாறு நாள் எண்ணுகின்றன, அவ்வெண்ணிக்கையில் அவர்களுக்கு என்ன இருக்கிறது என்பவற்றை இங்கே சிறிது விளக்க முற்படுவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சீனப் பஞ்சாங்கத்தைச் சந்திரப் பஞ்சாங்கம் என்று சொல்வது பொதுவழக்கு. ஆயினும் அது முழு உண்மையன்று. மாதத்தைச் சந்திரனும் ஆண்டைச் சூரியனும் நிர்ணயிக்கும் கலப்பு முறை அது. நம் நாட்டுத் தெலுங்கு, கன்னட, மராட்டியப் பஞ்சாங்கங்களும் இவ்வகையினவே. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அத்தகைய பன்னிரண்டு மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்களே ஆகின்றன. சூரியனின் ஆண்டோ 365 நாளுக்குச் சற்று மேற்பட்டது. ஆண்டுதோறும் விழும் இப்பதினொரு நாள் குறையைத் திருத்தாது விட்டால் வசந்த காலத்துப் பண்டிகை சில ஆண்டுகளில் கடுங்குளிருக்கும் பின்னர் இலையுதிர் காலத்துக்கும் நழுவிவிடும். ஆகவே பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது.

எந்த மாதத்தைக் கூடுதல் மாதமாகக் கொள்வது என்பதற்கு அவர்கள் வகுத்த விதி நமக்குப் புதிதன்று. சூரியனின் பாதையை இருபத்து நான்கு கூறுகளாக்கி அவற்றுள் பன்னிரண்டைத் தலைமையானவை என்று சீனர் குறித்தனர். அவை நம் சங்கிராந்திகளைப் போன்றவை. எந்தச் சந்திர மாதத்தில் அத்தகைய தலைமைக் கூறு எதுவும் விழவில்லையோ அதுவே அதிக மாதம் என்னும் விதி, ஹான் பேரரசர் வூவின் காலத்தில், கி.மு. 104-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத் திருத்தத்தில் இடம்பெற்றது. சங்கிராந்தி இல்லாத மாதமே அதிக மாசம் என்பது நம் தென்னாட்டுப் பஞ்சாங்கக்காரர்களும் அறிந்த இலக்கணம். இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லாமலில்லை. நாம் நட்சத்திரங்களை நிலைக்களனாகக் கொண்டு இராசியை அளக்கிறோம். சீனர் அயன நாள்களையும் விஷுவ நாள்களையும் நிலைக்களனாகக் கொள்கின்றனர். இதனால் 2023-ஆம் ஆண்டில் இரு நாட்டிலும் அதிக மாதம் வந்தபோதிலும், இங்கே அது சிராவணத்துக்கு முன்னும், அங்கே இரண்டாம் மாதத்துக்குப் பின்னும் அமைந்தது.

புத்தாண்டைக் கண்டுபிடிக்கும் வழி வருமாறு. டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளில், பகற்பொழுது மிகக் குறுகும் நாள் வருகிறதல்லவா? அந்நாள் பதினோராம் மாதத்தில்தான் விழவேண்டும் என்பது சீனர் விதி. அதற்குப் பின் வரும் முதல் அமாவாசையில் பன்னிரண்டாம் மாதமும், இரண்டாவது அமாவாசையில் புத்தாண்டும் தொடங்குகின்றன. இடையில் அதிக மாதம் புகுந்தால் மட்டும் மூன்றாவது அமாவாசைக்குத் தள்ளிப்போகும், அது அரிது, 2034-இல் அவ்வாறு நேரும். ஆகவே சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கு முன்னர் வருவதில்லை. பிப்ரவரி 20 அல்லது 21-ஐத் தாண்டுவதுமில்லை. 2024-இல் அது பிப்ரவரி 10-இல் வந்தது. 354 நாள் கழித்து, 2025-இல், ஜனவரி 29-க்கு முன்னேறியது. அவ்வாண்டில் ஓர் அதிக மாதம் சேர்ந்தமையால் 384 நாள் கழிந்து, 2026-இல், பிப்ரவரி 17-க்குப் பின்வாங்கியது. 2027-இல் பிப்ரவரி 6 என்பது கணக்கு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நாம் அமாவாசை கழிந்த பிரதமையிலிருந்து மாதத்தை எண்ணுகிறோம். சீனரோ, சூரியனும் சந்திரனும் கூடும் கணம் எந்த நாளில் நிகழ்கிறதோ அந்த நாளையே முதல் தேதியாகக் கொள்கின்றனர். அந்த நாள் பீக்கிங் நேரப்படி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை அளக்கப்படுகிறது. 2027 பிப்ரவரியில் அக்கூடுகை சீன நேரப்படி நள்ளிரவுக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது நிகழவிருக்கிறது. ஒரு மணி முன்னதாக ஓடும் கொரியக் கடிகாரத்தில் அப்போது மறுநாள் பிறந்துவிட்டிருக்கும். ஆகையால் அவ்வாண்டில் சீனருக்குப் புத்தாண்டு 6-ஆம் தேதி; கொரியருக்கு 7-ஆம் தேதி. ஒரே அமாவாசை, இரு பண்டிகை நாள்கள்! நம் தை அமாவாசையும் சீனப் புத்தாண்டும் சில ஆண்டுகளில் ஒன்றாகவே வந்துவிடுவதற்கும் காரணம் இக்கணக்குதான். 2025 ஜனவரி 29 அன்று நம்மவர் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்த அதே நாளில், சீனக் குடும்பங்கள் தம் முன்னோரை வணங்கிப் புத்தாண்டைத் தொடங்கின.

இனி நாள் எண்ணும் மரபுக்கு வருவோம். பன்னிரண்டாம் மாதத்தின் எட்டாம் நாளில் எண்ணிக்கை தொடங்குகிறது. அந்நாளிலிருந்து புத்தாண்டுக்கு இருபத்திரண்டு நாள். அம்மாதம் முப்பது நாள் கொண்டதாயின் இருபத்து மூன்று. அன்று அரிசி, தினை, பயறு, நிலக்கடலை, இலந்தை வகையைச் சேர்ந்த சிவந்த பழம் முதலியவற்றை ஒன்றாகக் கொதிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். இக்கஞ்சிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. சீனப் பௌத்தர்கள் புத்தர் பிரான் ஞானம் பெற்ற நாளாகப் போற்றுவது இந்த எட்டாம் நாளையே. உண்ணா நோன்பால் மெலிந்திருந்த கௌதமருக்குச் சுஜாதை என்னும் பெண் பால்சோறு அளித்த வரலாற்றை நினைத்தே இக்கஞ்சி காய்ச்சப்படுவதாக அவர்கள் கூறுவர். பௌத்த மடங்களில் அன்று வருவோர்க்கெல்லாம் கஞ்சி வார்ப்பது இன்றும் நடக்கிறது. கயைக்கு அருகில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொடை, சீனத்துச் சமையற்கட்டில் புத்தாண்டுக்கு நாள் எண்ணும் முதற் குறியாக நிற்கிறது.

வட சீனத்தில் அதே எட்டாம் நாளில் பூண்டைத் தோல் உரித்துப் புளிக்காடியில் ஊறப்போடுவார்கள். புத்தாண்டுக்குள் அது பச்சை மணியைப்போல் நிறம் மாறிவிடும். சீன மொழியில் பூண்டுக்கும் கணக்குப் பார்த்தலுக்கும் ஒலி ஒன்றே. கடன் கொடுத்த வணிகர் கடனாளியின் வீட்டில் நேரே சென்று பணம் கேட்கக் கூசி, ஊறிய பூண்டை அனுப்பிக் குறிப்பால் உணர்த்துவர் என்று மக்கள் இதற்கு ஒரு விளக்கம் தருவதுண்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்போன்றோர்க்குச் சீனப் பண்டிகை இன்பமும் தொல்லையும் ஒருங்கே தருவது. அதன் சடங்குகளில் பாதி இத்தகைய ஒலிப் பொருத்தத்தின்மேல் எழுந்தவை. மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒலி ஒன்று. அதனால் ஆண்டிறுதி விருந்தில் மீன் இருந்தே தீரவேண்டும். அதனை முற்றும் தின்றுவிடாமல் சிறிது மிச்சம் வைப்பதும் உண்டு. பசையரிசியால் செய்யும் ஒருவகைப் பணியாரத்தின் பெயர் ‘ஆண்டுக்கு ஆண்டு உயர்வு’ என்றும் ஒலிக்கிறது. நற்பேறு என்னும் எழுத்தைக் கதவில் தலைகீழாக ஒட்டுவார்கள். தலைகீழாதல் என்ற சொல்லும் வந்துசேர்தல் என்ற சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பதே காரணம். இவற்றை வேற்று மொழியில் பெயர்த்தால் சடங்கு நிற்கும். அதன் உயிர் போய்விடும்.

மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள் வட பகுதியிலும், இருபத்து நான்காம் நாள் தென் பகுதியிற் பல இடங்களிலும் சிறிய புத்தாண்டு எனப்படுகிறது. அடுப்பங்கரைத் தெய்வத்துக்கு விடை கொடுக்கும் நாள் அது. அடுப்பின்மேல் ஒட்டிய படத்திலிருந்து அவர் ஆண்டு முழுவதும் வீட்டாரின் நடத்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இப்போது வானுலகு சென்று தேவராசனிடம் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். அவ்வறிக்கை இனிமையாக அமையும்பொருட்டு, முளைகட்டிய தானியத்திலிருந்து காய்ச்சிய பிசுபிசுப்பான பாகு மிட்டாயை அவர் வாயில் தடவுவார்கள். வாய் இனிக்கும், அல்லது பல்லோடு ஒட்டிக்கொண்டு பேச இயலாது போகும். பின்னர்ப் படத்தை எரித்துவிடுவார்கள். புகையாக அவர் மேலே செல்கிறார். ஆண்டிறுதி இரவில் புதுப் படம் ஒட்டி அவரை மீண்டும் வரவேற்பார்கள். இடைப்பட்ட ஏழெட்டு நாளும் வீட்டில் கண்காணிப்பவர் இல்லை!

அவர் சென்றபின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை. வட சீனத்துச் சிறுவர்கள் இதனைப் பாட்டாகவே மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். இருபத்து நான்காம் நாள் வீட்டைப் பெருக்கித் தூசு தட்டவேண்டும். தூசுக்கும் பழமைக்கும் அங்கே ஒலி ஒன்றாதலால், தூசோடு பழையதும் வெளியேறுகிறது. நம் போகிப் பண்டிகையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இருபத்தைந்தாம் நாள் சோயா மொச்சையை அரைத்து ‘டோஃபு’ செய்வர். அடுத்த நாள் இறைச்சி. அதற்கடுத்த நாள் கோழி. இருபத்தெட்டில் மாவு பிசைந்து புளிக்கவைத்தல். இருபத்தொன்பதில் அம்மாவை உருட்டி ஆவியில் வேகவைத்தல் என்று வரிசை செல்லும். ஊருக்கு ஊர் இவ்வரிசை மாறுபடுவதுமுண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வடநாட்டுக் கடுங்குளிரே அப்பணியைச் செய்தது. ஆகையால் முன்னதாகச் சமைத்து வைப்பதில் தடையில்லை. மேலும் புத்தாண்டின் முதற் சில நாள்களில் கத்தியையும் துடைப்பத்தையும் தொடலாகாது என்னும் விலக்கு இருந்தமையால், அந்நாள்களுக்கான உணவு முன்னரே ஆயத்தமாக வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் உழைத்த பெண்களுக்கு இவ்விலக்கு ஓரளவு ஓய்வும் அளித்தது; ஆனால் அதற்கு முந்திய ஒரு வாரத்தில் அவர்களுடைய உழைப்பு இருமடங்கானது என்பதையும் மறக்கலாகாது.

இறுதி நாளின் பெயரே ‘முப்பது’. மாதத்தில் இருபத்தொன்பது நாள்களே இருந்தாலும் வழக்கில் அதனை முப்பது என்றே சொல்கின்றனர். 2025 முதல் 2029 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பன்னிரண்டாம் மாதத்தில் முப்பதாம் நாளே இல்லை என்பது ஒரு வேடிக்கை. அன்று மாலைக்குள் கதவின் இருபுறமும் சிவப்புத் தாளில் எழுதிய இணைவரிகள் ஒட்டப்பட்டிருக்கும். குடும்பத்தார் அனைவரும் ஒரே மேசையைச் சூழ்ந்து உண்பர். வர இயலாதவருக்கும் ஒரு கிண்ணமும் உணவுக் குச்சியும் வைக்கும் குடும்பங்கள் உண்டு. பின்னர் உறங்காமல் விழித்திருப்பர். வட பகுதியில் நள்ளிரவை ஒட்டிப் பூரணம் வைத்த கொழுக்கட்டையை வேகவைத்து உண்பது வழக்கம். பெரியோர் சிறுவர்க்குச் சிவப்பு உறையில் பணம் அளிப்பர். பின்னர் வாணவெடி. ‘நியன்’ என்னும் விலங்கு ஆண்டிறுதியில் ஊருக்குள் வந்து தீங்கு செய்தது என்றும், அது சிவப்பு நிறத்துக்கும் பேரொலிக்கும் அஞ்சியது என்றும் ஒரு கதை வழங்குகிறது. நியன் என்னும் சொல்லுக்கு ஆண்டு என்பதும் பொருள்.

இவ்வளவும் மகிழ்ச்சியான பக்கம். ஆனால் நாள் எண்ணுவோர் எல்லாரும் மகிழ்ச்சியோடு எண்ணியவர்கள் அல்லர். பழைய சீனத்தில் ஆண்டிறுதியே கடன் தீர்க்கும் தவணை. நிலவுடைமையாளரும் வட்டிக்கடைக்காரரும் முப்பதாம் நாள் இரவு முழுவதும் விளக்கேந்தி வீடு வீடாகச் செல்வர். பொழுது புலர்ந்து புத்தாண்டு வாழ்த்துக் கூறத் தொடங்கிவிட்டால் பின்னர்க் கடனைக் கேட்பது முறையன்று. ஆகவே ஏழைக் குடியானவன் அவ்வொரு இரவை எப்படியேனும் கடத்திவிட ஊரைவிட்டு ஒளிந்து திரிவான். 1945-இல் யேனான் நகரில் அரங்கேறிய ‘வெண்கூந்தல் மங்கை’ என்னும் இசை நாடகம் இவ்விரவிலேயே தொடங்குகிறது. கடனுக்கு அஞ்சி மறைந்திருந்த தந்தை, மகளுக்குச் சிவப்பு நாடா ஒன்று வாங்கிக்கொண்டு புத்தாண்டுக்காக வீடு திரும்புகிறான். கடனுக்கு ஈடாக அம்மகளையே எழுதி வாங்கிக்கொள்கிறான் நிலக்கிழான். சீனத்துப் பார்வையாளர்க்கு அக்கதையின் கொடுமை புரிவதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. எந்த இரவில் அது நடக்கிறது என்பதே போதுமானதாயிருந்தது.

இன்று கடனின் இடத்தைப் பயணம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்போர் கோடிக்கணக்கானவர். அவர்களிற் பலருக்கு ஆண்டில் ஒருமுறைதான் வீடு. புத்தாண்டுக்குப் பதினைந்து நாள் முன்னும் இருபத்தைந்து நாள் பின்னுமாக நாற்பது நாள்களைச் சீன அரசு வசந்தப் பயணக் காலம் எனக் குறித்துத் தனி ஏற்பாடுகள் செய்கிறது. 2025-இல் இந்நாற்பது நாள்களில் சாலை, ரயில், கப்பல், விமானம் ஆகிய அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 900 கோடிப் பயணங்கள் நிகழும் என்று கணித்தார்கள். ரயிலில் மட்டும் 50 கோடிக்கு மேல். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்பதிவு தொடங்கும் காலையில் நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டால் இதன் அளவு ஓரளவு விளங்கும்.

வீடு சேரும் எண்ணிக்கை முறிந்துபோன ஆண்டுகளும் உண்டு. 2008-இல் தென் சீனத்தில் எதிர்பாராத பனியும் உறைமழையும் பொழிந்து மின்கம்பிகளும் ரயில்களும் நின்றுபோயின. குவாங்சௌ நகர ரயில் நிலையத்தின் முன் இலட்சக்கணக்கானோர் மூட்டைகளோடு குளிரில் நாள்கணக்கில் காத்துக்கிடந்தனர். 2020-இல் ஊகான் நகரம் தொற்றுநோயின் பொருட்டு மூடப்பட்ட நாள் ஜனவரி 23. புத்தாண்டோ ஜனவரி 25. முப்பதாம் நாள் விருந்துக்கு ஒருநாளே எஞ்சியிருந்தபோது வாயில்கள் அடைபட்டன. மூடப்பட்ட தேதியை மட்டும் அறிந்தவர், அதனால் எத்தனை மேசைகளில் இடம் காலியாயிற்று என்பதைக் கணிக்க இயலாது.

இப்பண்டிகையை அரசுகளே விலக்க முனைந்ததும் வரலாற்றில் உண்டு. 1912-இல் சீனக் குடியரசு தோன்றியபோது அரசு அலுவல்களுக்கு மேனாட்டு நாட்காட்டி ஏற்கப்பட்டது. ஜனவரி முதல் நாளுக்குப் புத்தாண்டு என்னும் பெயர் சென்றது. பழைய புத்தாண்டு நாளடைவில் ‘வசந்த விழா’ ஆயிற்று. 1928-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய தேசியவாத அரசு பழைய புத்தாண்டைக் கைவிடுமாறு ஆணைகள் பிறப்பித்தது. மக்கள் கேட்கவில்லை. மக்கள் குடியரசிலும், பண்பாட்டுப் புரட்சியின்போது, 1967-இல் வசந்த விழா விடுமுறை நீக்கப்பட்டது, 1980-இல்தான் மீண்டது. பின்னர் நிலைமை தலைகீழாக மாறிற்று. 1983 முதல் ஆண்டிறுதி இரவில் அரசுத் தொலைக்காட்சி நடத்தும் கலைநிகழ்ச்சியை வீட்டார் கூடியிருந்து பார்ப்பதே ஒரு சடங்காகிவிட்டது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் வசந்த விழாவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2025 முதல் அந்த முப்பதாம் நாளும் அரசு விடுமுறையாயிற்று. தேதியை ஆணையால் மாற்றலாம். வீட்டுக்கு வரவேண்டும் என்னும் எண்ணத்தை மாற்ற எந்த ஆணையாலும் இயலவில்லை.

நம் நாட்டில் இவ்விழாவைப் பேணுவோர் கொல்கத்தாச் சீனர்கள். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அச்சியு என்னும் சீனர் ஊக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை அமைத்தார். பஜ்பஜுக்கு அப்பாலுள்ள அவ்வூர் அவர் பெயராலேயே அச்சிப்பூர் எனப்படுகிறது. பின்னர் வந்தவர்களில் தச்சர், பல் மருத்துவர், தோல் பதனிடுவோர் எனப் பலர் இருந்தனர். புத்தாண்டை ஒட்டி அச்சிப்பூர் சென்று அச்சியுவின் சமாதியிலும் அங்குள்ள கோயிலிலும் ஊதுவத்தி ஏற்றி வணங்குவது அவர்களின் வழக்கம். முன்னோரின் ஊர் கடலுக்கப்பால் இருக்க, இங்கே முதலில் வந்தவரின் சமாதியையே முன்னோர் இடமாகக் கொண்டார்கள். 1962-இல் எல்லைப் போர் மூண்டபோது ஏறத்தாழ 3,000 இந்தியச் சீனர்கள் ராஜஸ்தானத்திலுள்ள தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கிருந்தனர். விடுதலையானபின் வீட்டையும் தொழிலையும் இழந்து கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றோர் பலர். இன்று கொல்கத்தாவில் அச்சமூகம் மிகச் சுருங்கிவிட்டது. எனினும் வெளிநாடு சென்றவர்களிற் சிலர் புத்தாண்டுக்கு டாங்ராவுக்கே திரும்பி வருகிறார்கள். நாள் எண்ணி அவர்கள் வந்துசேரும் ஊர் சீனத்தில் இல்லை, வங்காளத்தில் இருக்கிறது.

பிற மாநிலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், “நம் ஊர் எது?” என்று கேட்கும்போது நமக்குத் தோன்றும் தயக்கத்துக்கு இதில் ஒரு விடை இருப்பதாகக் கொள்ளலாம்.

புத்தாண்டு பிறந்தபின்னும் எண்ணிக்கை நிற்பதில்லை, திசைதான் மாறுகிறது. இரண்டாம் நாள் மணமான பெண்கள் பிறந்தகம் செல்வர். ஐந்தாம் நாள் செல்வத் தெய்வத்தை வரவேற்பர். ஏழாம் நாள் மனிதர் அனைவருக்கும் பிறந்தநாள் எனப்படும். பதினைந்தாம் நாள், அவ்வாண்டின் முதற் பௌர்ணமியன்று, விளக்கு விழாவோடும் பசையரிசி உருண்டையோடும் பண்டிகை நிறைவுறும். இதனைக் காண விரும்பும் கொல்கத்தா அன்பர்கள் நம் பஞ்சாங்கத்தையே எடுத்துப் பார்க்கலாம். ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே வரும் அமாவாசையோ அதற்கு மறுநாளோதான் பெரும்பாலும் சீனப் புத்தாண்டு. அந்நாளுக்கு முன்னதாகவே டாங்ராவுக்குச் சென்றால், கதவில் சிவப்புத் தாள் ஒட்டப்படுவதையும் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகள் வாசலில் இறங்குவதையும் காணலாம்.